இடது மூலையில் ஆரோக்கியசாமி

மருந்துக் குப்பிகளைப் பார்ப்பது ஜோசபினின் வேலை. மராத்தி ஊரான பிம்ப்ரியில் ஆண்டிபயாட்டிக் செய்யும் ஆலை ஒன்றில் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, குப்பியைக் கழுத்தில் பிடித்துச் சுழற்றுவாள். எதிரே பாதி வெள்ளைப் பலகை, பாதி கறுப்பு. வெள்ளைக்கு முன்னால் கறுப்புத் துகள் தெரியும், கறுப்புக்கு முன்னால் வெள்ளை நூலிழை. தெரிந்தால் குப்பி சிவப்புத் தட்டுக்குப் போகும். சில நாள்களில் குறையுள்ள குப்பிகளை வேண்டுமென்றே கலந்து அனுப்புவார்கள், பார்ப்பவரின் கண் விழித்திருக்கிறதா என்று அறிய. ஜோசபின் அவற்றைத் தவறவிட்டதில்லை. வேலை கொடுத்த ஒரே கெடுதல் கழுத்து வலி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படம் எடுக்கப் போவாள். கசார்வாடியில் லோக்கல் ரயில் ஏறினால் மலை பக்கம்தான். படைக்கலத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் ஆரோக்கியசாமி குடையோடு கூட வருவார். கேமராவோடு வந்த லென்ஸில் மலையின் தலை வந்தால் அடி வராது. அதனால் முழு மலையையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவரும் அல்ட்ரா வைட் ஜூம் ஒன்று தேவைப்பட்டது.

இரண்டு வருடமாகத் தேடினாள். பிம்ப்ரியில் லென்ஸ் வாடகைக்கும் விலைக்கும் கொடுக்கும் சலீமிடம் ஒவ்வொன்றாக எடுத்துப் போய்ப் பார்த்தாள். எல்லாம் சிவப்புத் தட்டுக்குப் போயின. இந்த வகை லென்ஸ்களுக்கு நடுவில் குறை இருப்பது அபூர்வம். படம் மங்குவதும் இழுபடுவதும் மூலையில்தான். மூலையைச் சோதிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஆரோக்கியசாமிக்குப் பொடிக் கட்டம் போட்ட சட்டையை மாட்டி, சட்டத்தின் இடது மூலையில் நிறுத்துவாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிக் கட்டங்களின் கோடு பிரிந்து தெரிகிறதா என்று பார்ப்பாள்.

இப்படியாக, சஹ்யாத்ரியின் பல கோட்டைகளில் ஆரோக்கியசாமி இடது மூலையில் நின்றிருக்கிறார். மூலையில் நின்றதால் தலை பப்பாளி போல நீண்டிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து அவருடைய தங்கை, அண்ணனுக்கு முகத்தில் நீர் போட்டிருக்கிறதா என்று கேட்டாள்.

"கல்யாண போட்டோலகூட என்னைய நடுவுலதான் நிக்க வச்சாங்க. இப்பதான் ஓரத்துக்கு வந்துட்டேன்" என்றார் அவர்.

ஜோசபின் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போகச் சொன்னாள்.

இந்த வருடம் லென்ஸ் வாங்குவதைத் தள்ளிப்போட முடியவில்லை. எப்போதும் வேளாங்கண்ணிக்குப் போகும் விடுப்பில், முதல் முறையாக லடாக் போகப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. லென்ஸ் இல்லாமல் போனால் அந்த மலைகளையும் துண்டு துண்டாகத்தான் கொண்டுவர வேண்டும். இன்னொரு முறை அவ்வளவு தூரம் போக முடியும் என்று அவள் நம்பவில்லை.

சலீம் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தான். அவனுடையது ஆம்பூர்க் குடும்பம், அவன் பிறந்தது இங்கே பிம்ப்ரியில். ஒன்று பெரியது; இருட்டிலும் எடுக்கலாம், மூலை வரை துல்லியம். ஆனால் முன்கண்ணாடி முட்டைபோல வெளியே புடைத்திருந்தது, ஃபில்டர் மாட்ட முடியாது. மற்றது கைக்கடக்கமானது, யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. ஃபில்டர் மாட்டலாம். ஜூம் செய்தாலும் நீளாது. பாணேரிலிருந்து ஒருவர் அந்தச் சின்னதை விலைக்குக் கேட்டிருக்கிறாராம்.

"சண்டே சாயங்காலம் வரைக்கும் ரோக்கே ரக்குறேன்க்கா, யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றான்.

ஞாயிறு காலை மளவ்லி ஸ்டேஷனில் இறங்கி லோஹகட் கோட்டை ஏறினார்கள். தூறல் விட்டு விட்டு விழுந்தது. முதல் வாசலிலேயே ஆரோக்கியசாமி தானாக இடது பக்கம் போய் நின்றார். இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றி மாட்டி எடுத்தாள். பெரியதில் சட்டையின் கட்டங்கள் கோடு கோடாக நின்றன. சின்னதில் மூலைக்குப் போனதும் எல்லாம் கலங்கிச் சாம்பல் நிறமாயின.

"ரிஜெக்ட்" என்று சின்னதைப் பைக்குள் போட்டாள்.

பெரியதைக் கழுத்தில் தொங்கவிட்டு மேலே ஏறினாள். பாதி வழியில் கழுத்து இழுத்தது. புடைத்த கண்ணாடியில் தூறல் உட்கார்ந்துகொண்டே இருந்தது, துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கோட்டையின் மறுகோடியில், தேள் வாலைப்போல நீண்டு போகும் ஒரு முகடு உண்டு. விஞ்சுகாட்டா என்பார்கள். முழுதாக மூட்டம். அவள் ஒரு படம் எடுத்துத் திரையில் இடது மூலையைப் பெரிதாக்கினாள். அங்கே அவர் சட்டத்துக்குள் பாதிதான் வந்திருந்தார். நிமிராமலே, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கையால் காட்டினாள். இன்னும் கொஞ்சம் என்று மறுபடி காட்டினாள்.

அப்போது மூட்டம் விலகியது. கீழே பவனா நீர்த்தேக்கம் தெரிந்தது. அவள் நிமிர்ந்தாள். முகட்டின் விளிம்பில், ஈரப் புல்லில், அவளையே பார்த்தபடி ஆரோக்கியசாமி பக்கவாட்டில் அடி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தரை இல்லை.

அவள் கத்தவில்லை. "ஏங்க, அப்படியே எங்கிட்ட வாங்க" என்றாள்.

வந்தார். அவர் சட்டைக் கையைப் பிடித்துப் பாதையின் நடுவுக்கு இழுத்து வந்தாள்.

"என்னட்டி, எதுக்கு இப்படி இழுக்க?"

"நீங்க பாட்டுக்குப் போறீங்களே, கீழ பாக்க வேணாமா?"

"நீதானே போகச் சொன்ன. நான் என்னைக்குக் கீழ பாத்தேன்? உன் மூஞ்சியத்தான பாத்துட்டு நிக்கேன். எப்ப சரிங்குதியோன்னு."

ஜோசபின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடப் படங்களில் அவர் சட்டையை அவள் பார்த்திருக்கிறாள். முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

மூட்டம் மறுபடி எப்போது மூடும் என்று தெரியாது. ஒரு கையால் அவரைப் பிடித்தபடியே பெரிய லென்ஸைத் தூக்கிப் பார்த்தாள். முன்பக்கம் கனத்துக் கேமரா குப்புறச் சாய்ந்தது. அதற்கு இரண்டு கை வேண்டும். அவரை விடவும் மனமில்லை. அவர் பிடித்த குடைக்கு அடியில் உட்கார்ந்து சின்னதை மாட்டினாள். எழுந்ததும் மறுபடி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கேமரா வலது கையில் நின்றது.

"எந்தப் பக்கம் நிக்கணும்?"

"எங்கயும் போக வேணாம். இங்கனயே நில்லுங்க."

எடுத்த படத்தில், மிகக் கிட்டத்தில் அவர் முகம். அவருக்குப் பின்னால் முகடு நுனிவரை முழுதாக ஓடியது. இரு பக்கமும் மலையும் நீரும் அடங்கின. கீழே, அவர் சட்டைக் கையைப் பற்றிய அவளுடைய கையும் வந்திருந்தது. திரையில் அவள் அவர் முகத்தைப் பெரிதாக்கினாள். மீசையில் தூறல் நின்றது. கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் சிரிப்புமாக இருந்தார்.

அங்கேயிருந்தே சலீமுக்குப் போன் போட்டாள். சின்னதைத் தானே வைத்துக்கொள்வதாகவும், பாணேர்க்காரரிடம் இல்லையென்று சொல்லும்படியும் சொன்னாள்.

சலீமுக்கு நம்பிக்கை வரவில்லை. "மூலை பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். மங்கல்தான்."

"அப்புறம் வேணாம்னு திருப்பிக் கொண்டு வந்தா நான் என்ன செய்றது?"

"கொண்டு வர மாட்டேன்."

மூட்டம் மூடிக்கொண்டது. பெரிய லென்ஸைத் துடைத்துத் துணியில் சுற்றி, ஆரோக்கியசாமியின் பையின் அடியில் வைத்தாள். அதற்கு மேலே இருந்த சாப்பாட்டு டப்பாவை அவர் வெளியே எடுத்தார்.