பென்சிலில் எழுதிய இரண்டு சொற்கள்

கம்பத்து அணைவேலை அலுவலகத்தில், வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு எழுதுவது என் வேலை. பிழை வந்தால் சீட்டுக் கிழியும். ஒரே ஒலியுள்ள சொற்கள் வந்தால் எதை எழுதுவது என்று தெரியாது. "ரெண்டையும் பென்சில்ல எழுதிரு. தொரை போனதும் அகராதியப் பாத்து ஒண்ண அழிச்சுக்கிருவோம்" என்பார் தலைமை எழுத்தர்.

தாளும் மையும் கேட்டு மதுரைக்கு எழுதிய கடிதத்தை, நாங்கள் அழிக்குமுன் துரை இழுத்துக்கொண்டார். அதில் 'ஸ்டேஷனரி' ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு விதமாக இருந்தது: ஒன்றுக்கு எழுதுபொருள் என்று அர்த்தம், மற்றதற்கு அசையாதது என்று அர்த்தம். அவர் சரியான சொல்லான எழுதுபொருளை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "தொரையவே திருத்தப் போறியாக்கும்? பேசாம இருலே" என்று தலைமை எழுத்தர் முணுமுணுத்தார்.

கையெழுத்து அவருடையது, பிழை என் எழுத்தில் இருந்தது. பதில் வரும்வரை தபால் ஓட்டக்காரரின் கோலில் கட்டிய சலங்கை கேட்டாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.