கட்டைவிரல் பருமன் எழுத்து

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, கட்சித் தலைவரின் மூச்சை அளந்தது. சமையல் மேடையில் சாய்ந்தபடி அப்பா, தலைவருக்காகத் தான் எழுதிய உரையை வாசித்தார். லிஃப்ட் சோதிக்கும் பொறியாளரான மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணினாள்.

"இந்த வாக்கியம் ஆறு நொடி தாண்டிருச்சுப்பா. உங்க ஆளு நடுவுல மூச்சு வாங்குவாரு."

"வெட்டிடு. அழுறாருன்னு நெனச்சுக்குவாங்க. வரி ஏத்துற பேச்சு அது."

இருபத்திரண்டு வருடமாக அப்பாவின் பிழைப்பு இதுதான். தலைவர் மேடையில் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று எதிர்க்கட்சி சொல்லுமாம். ஆகவே கட்டைவிரல் பருமன் எழுத்து, பக்கத்துக்கு ஐந்து வரி. தாளில் இருப்பதையெல்லாம் தலைவர் வாசித்துவிடுவார். ஒருமுறை, "இங்கே தண்ணீர் குடிக்கவும்" என்ற குறிப்பையும் முழங்கினார். கூட்டமே கைதட்டியது, சிலர் குடித்தார்கள். அதன்பிறகு குறிப்புக்கெல்லாம் சிவப்பு மையில் புள்ளி மட்டும்தான். இத்தனை வருடத்தில் எந்த மேடையிலும் அப்பாவைப் பற்றித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவே எழுதித் தந்தால்தானே சொல்வதற்கு.

மறுநாள் காலை அப்பா மேசையிலேயே சாய்ந்தார். வரிப் பேச்சு மூன்றாம் பக்கத்தில் நின்றது.

மூன்றாம் நாள் தலைவரின் உதவியாளர் துக்கம் விசாரிக்க வந்தார். விசாரித்த கையோடு செருமினார்.

"இரங்கல் கூட்டத்துல தலைவர் பேசணும்மா. அப்பா ஏதாவது எழுதி வெச்சிருக்காரா?"

"அவர் செத்ததுக்கு அவரேவா?"

"முன்யோசனை உள்ள மனுஷன். அதான் கேட்டேன்."

"நீங்களே எழுதுங்களேன் சார்."

"எனக்கு வந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

அவள் எழுதித் தந்தாள். ஒரே தாள், மருந்துப் பெட்டிக்குள் வைத்திருக்கும் சீட்டைப்போலப் பொடி எழுத்து. வேண்டுமென்றேதான். அப்பாவுக்காக அந்த ஆள் ஒரு வாக்கியமாவது சொந்தமாகப் பேச வேண்டும்.

மேடையில் தலைவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பத்தொன்பது நொடி. அவள் எண்ணினாள். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் பேசினதெல்லாம் அவரு பேசினது. நான் வாயத் தொறந்தேன், அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டார். எங்கே கைதட்டுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டைகளை மடித்தபோது, ஒரு பையில் கண்ணாடிக் கடைச் சீட்டு இருந்தது. பெயர் அப்பாவுடையது. அப்பாவுக்கோ கண்ணில் ஒரு குறையும் கிடையாது. 'விளிம்பில்லாதது. தூரத்திலிருந்து தெரியக்கூடாது' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. கீழே கடைக்காரர் எழுதியிருந்தார்: 'போடுபவர் நேரில் வரவில்லை. வாங்க வரும்போது காது அளவு கொண்டுவரவும்.'

வாங்க வேண்டிய தேதி, அப்பா மேசையில் சாய்ந்த அன்று மாலை.