கதவுத் துளையில் ஒரு கண்

பின்லாந்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்புமுன் கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது நின்றால், அவர் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை. ஹில்லா இந்த மரியாதையோடு இத்தாலியின் பொலோன்யாவுக்குத் தாவரவியல் படிக்க வந்தாள். வந்த கட்டிடமோ, படிக்கட்டிலேயே பாதி வாழ்க்கையை நடத்துகிற கட்டிடம்.

நாலாம் மாடியில் எதிர்வீட்டு லொரெதானா வாயை மூடினால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். மூன்றாம் மாடி ஒரெஸ்தே, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பேச்சுக்கு ஆள் தேடியே ஒரு மாடி ஏறி வருவார். இவர்கள் கலைவதற்குள் ஹில்லாவுக்கு அந்த வருடம் காலை வகுப்புகளில் பாதி போயிற்று.

ஜூன் மாதத் தேர்வு அதைவிடக் கேவலம். இங்கே தேர்வு வாய்மொழிதான். பின்னால் இருபது பேர் வேடிக்கை பார்க்க, பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஹில்லா பதிலை மனதுக்குள் சரிபார்த்தபடி அரை நிமிடம் பேசாமல் இருந்தாள். அவள் ஊரில் அது அறிவாளியின் லட்சணம்.

"ஒண்ணும் தெரியலையாம்மா? சரி, செப்டம்பர்ல வா" என்று அனுப்பிவிட்டார் பேராசிரியர்.

செப்டம்பரிலும் கோட்டைவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த நாளும் வந்தது. பதினொரு மணிக்குத் தேர்வு. ஒன்பதரைக்கே துளையில் கண்ணை வைத்தாள். வெளியே இருவரும் நின்றிருந்தார்கள். ஒரெஸ்தே கையில் ஒரு கூடைக் காளான். பத்தாயிற்று. பத்தேகால் ஆயிற்று. ஹில்லா அழாத குறை.

"விஷமில்லையே?" என்றாள் லொரெதானா.

"நாப்பது வருஷமா மலையில பொறுக்கறேன், எனக்குத் தெரியாதா? வேகறப்ப ஒரு பூண்டுப் பல்லைப் போடு. பூண்டு கறுத்தா விஷம். கறுக்கலைன்னா தாராளமாத் தின்னு."

ஹில்லாவுக்கு அந்த ஆவேசம் எங்கிருந்து வந்ததோ! கதவு படாரென்று திறந்தது.

"தப்பு! சுத்தத் தப்பு! பூண்டை நம்பினா ரெண்டு பேரும் செத்துப்போவீங்க!" கூடையிலிருந்து ஒன்றை எடுத்து ஒரெஸ்தே மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது என்ன? அடியில பை மாதிரி இருக்கு, பாருங்க! இதத் தின்னா முதல்ல வாந்தி, அப்புறம் சரியாப்போன மாதிரி இருக்கும், அப்புறம் ஈரலே போயிரும். கூடையோட கொட்டுங்க!"

ஒரெஸ்தே இரண்டடி பின்வாங்கினார். "இந்த வீட்டுல ஆள் இருக்கா?"

"ஏண்டி பொண்ணே, ஒரு வருஷமா எங்க இருந்தே?" என்றாள் லொரெதானா.

"கதவுக்குப் பின்னால. நீங்க உள்ள போகட்டும்னு."

"தினமுமா?"

"தினமும். எங்க ஊர்ல அதுதான் மரியாதை."

லொரெதானா வாயடைத்து நின்றாள். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஒரெஸ்தே மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், வெள்ளிக் காசு, பூனை என்று புதுப்புதுச் சோதனைகளைச் சொல்லிக்கொண்டே, தேர்வுக்குக் கிளம்பியவளோடு நாலு மாடியும் கூட இறங்கினார். ஹில்லா ஒவ்வொன்றையும் படிக்குப் படி அடித்து நொறுக்கினாள்.

அந்தச் சூட்டோடு போய் உட்கார்ந்தவள், "விஷக்காளானை எப்படி..." என்று பேராசிரியர் ஆரம்பித்ததுமே பிடித்துக்கொண்டாள். கை வீச்சில் அவருடைய தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.

"நான் இன்னும் கேட்டே முடிக்கலையே!"

"பூண்டை மட்டும் சொல்லிராதீங்க, சார்!"

"முப்பதுக்கு இருபத்தெட்டு. ஒத்துக்கறியா?" என்றார், அவள் ஒருவழியாக ஓய்ந்ததும். இங்கே மாணவர் ஒத்துக்கொண்டால்தான் மதிப்பெண் செல்லும்.

"முப்பது."

பின்னால் இருபது பேரும் சிரித்தார்கள். கத்தரிக்காய் பேரம் போல அது இருபத்தொன்பதில் படிந்தது.

துள்ளிக்கொண்டு நாலு மாடி ஏறினாள். படிக்கட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு வருடமாக வேண்டிக்கொண்ட அதே வெறும் படிக்கட்டு. இன்று பார்க்கச் சகிக்கவில்லை. இருமிப் பார்த்தாள். சாவிக்கொத்தை இரண்டு தடவை கீழே போட்டாள்.

எதிர்க்கதவுக்குப் பின்னால் கிசுகிசுப்பு கேட்டது. "தள்ளாதீங்க ஒரெஸ்தே. மூச்சு விடாதீங்க. அவ உள்ள போகட்டும். அவங்க ஊர்ல இதுதான் மரியாதை."

ஹில்லா அந்தக் கதவுத் துளையருகே குனிந்தாள்.

"வெளிய வாங்களேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு."