இரண்டு அடி பதினொரு அங்குலம்

ரெட் ஆக்ஸைடு பெயின்ட்டும் தின்னரும் கலந்த வாடை எங்கிருந்து வந்தாலும், திண்டுக்கல்லில் சவரிமுத்து ஐயாவின் பீரோ பட்டறை என் கண்முன் வந்து நிற்கும். கூடவே ஒரு வெட்கமும் வரும்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இன்ஜினியர். வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் ஊருக்குப் புதிது. எழுத்து காற்றில் பறந்து போகிறது என்று நானே பூரித்துப்போய் விற்றேன். தகட்டு விளிம்பு பட்டு மவுஸ் வயர் அடிக்கடி அறுகிறது என்று ஐயா சொன்னதால் அவருக்கும் ஒரு செட் கொடுத்தேன்.

அங்கே டைப் அடித்தவள் செல்வி, சின்னாளபட்டிப் பெண். எந்தத் தகட்டை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்ற பட்டியலை அடித்துச் சுவரில் ஒட்டுவாள். அதைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள்.

ஒரு மாதத்தில் போன் செய்தாள். "அக்கா, கீபோர்டு எழுத்த முழுங்குது." பேட்டரியை மாற்றச் சொன்னேன். மறுபடி போன். மறுபடி பேட்டரி. மூன்றாம் முறை நேரில் போனேன். ஐயா இடுப்புச் சாவியை எடுத்து, சி.பி.யூ. இருந்த இரும்புப் பெட்டியை எனக்காகத் திறந்து வைத்தார். அடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் தவறவில்லை. 'குறை ஏதும் இல்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம், 2-11 என்று இருக்க வேண்டிய பீரோ உள்தட்டு அளவு, பட்டியலில் 2-1 என்று அச்சாகிவிட்டது. ஒரு பள்ளிக்கூட ஆர்டர் முழுவதும் பத்து அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார்கள்.

செல்வி போனில் அழவில்லை. குரல் காய்ந்திருந்தது. "சனிக்கெழமையோட நின்னுக்கச் சொல்லிட்டாருக்கா. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸு. ஒங்க கையெழுத்தக் காட்டித்தான் என்னைய பொய்க்காரின்னுட்டாரு."

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்தேன். காரணம் தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

"ஏம்மா, பொட்டியத் தொறக்கவா?" என்றார் ஐயா.

"வேணாங்கய்யா. நான் வரலைன்னே நெனச்சுக்கங்க. எப்பவும் போல இருங்க."

2-11, 2-11 என்று வரிவரியாக அடித்தேன். நான்காம் வரியில் 2-1. இன்னும் இரண்டு வரி தள்ளி வெறும் 21.

"பாத்தீகளாக்கா!" என்றாள் செல்வி.

போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாற்றம்? பெட்டி பூட்டியிருந்தது. அவ்வளவுதான். கிரைண்டிங் தூசி சி.பி.யூ.வுக்குள் போகக்கூடாதென்று ஐயா தன் கையாலேயே செய்து, வயர் வரும் ஓட்டையைக்கூட ரப்பர் வைத்து அடைத்த பெட்டி அது. சர்வீஸுக்கு ஆள் வந்தால் திறப்பார், போனதும் பூட்டுவார். கீபோர்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை நான்தான் அதற்குள் வைத்திருந்தேன். பேசும் விரல் வெளியே, கேட்கும் காது உள்ளே, நடுவில் திண்டுக்கல் பூட்டு.

ஐயாவிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "பல்லி நுழையாத பொட்டிம்மா இது. இதயா குத்தம் சொல்ற?"

"பல்லியே நுழையாதுன்னா சிக்னல் எப்படிங்கய்யா நுழையும்?"

வெல்டர் ராசு கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவை, பாட்டோடு எடுத்து உள்ளே வைத்துக் கதவை மூடினேன். பாட்டு செத்து, வெறும் இரைச்சல்தான் கேட்டது. திறந்தேன், பாட்டு வந்தது.

"ஏலே, மொதலாளி பொட்டி பாட்டையே முழுங்கிருச்சுடா!" என்றார் ராசு. பட்டறையே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. டிரில்லரை எடுத்துத் தன் பெட்டியின் முதுகில் தானே இன்னோர் ஓட்டை போட்டார்.

அதன் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை வெளியே எடுத்தேன். அப்போதும் வேலை முடியவில்லை. வெல்டிங் பொறி பறக்கும்போதெல்லாம் ஓர் எழுத்து காணாமல் போனது. சேனலை மாற்றினேன், பலன் இல்லை. மானிட்டரை விட்டு விலக்கினேன், டியூப்லைட் சோக்கை விட்டு விலக்கினேன். வைத்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி போட்டேன். ஏழாவது குறி, கீபோர்டுக்கு ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல். அங்கேயே ஸ்க்ரூ வைத்து முடுக்கினேன்.

ராசுவை நிறுத்தாமல் வெல்டிங் அடிக்கச் சொல்லிவிட்டு, செல்வியை நூறு வரி அடிக்க வைத்தேன். பிரிண்டை ஐயாவே வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஏத்தா, நாளைக்கு எட்டரைக்கு வந்துரு," என்றார். கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பாமலே, "திங்கக்கெழமையுந்தான்."

என்னிடம் சர்வீஸ் வேலை பழக வந்திருக்கும் பிள்ளைகளே, கடை மேஜையில் ஓடுவது சோதனை ஆகாது. பொருள் எங்கே, எப்படிப் புழங்குகிறதோ, அங்கே, அப்படியே பார்க்க வேண்டும். புழங்குகிறவர் சொல்வதை, மீட்டர் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

பஸ் ஸ்டாப் வரை செல்வியோடு நடந்தேன். "எம்மேல கோவமா செல்வி?" என்று கேட்டேன்.

டவுன் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னாள்: "இருந்துச்சுக்கா. இனிமே யாரு மெஷினப் பாத்தாலும், பொட்டிய மூடிட்டுப் பாருங்க. வாரேன்."