மரியதாஸ் அண்ணைக்குக் கடைசியில் உதை விழவில்லை

மரியதாஸ் அண்ணை போய்விட்டார். இன்று பின்னேரம் மூன்று மணிபோல்... குருநகரில், தன் வீட்டுக் கட்டிலில்.

செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஒரு பெரிய ஆறுதல் மூச்சு. தப்பாக எடுக்காதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

பதினாறு வருடம் ஒரே கடையில் வேலை செய்தோம். வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் கடை. முன்னால் ஸ்பெயார் பார்ட்ஸ் கவுண்டரில் நான், பின்னால் கராஜில் அவர்.

எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவர்கள் முதலாளியைத் தேடமாட்டார்கள். "மரியதாஸ் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலை, ஸ்பனரைக் கையில் வைத்தபடியே சரிந்து விழுந்தார். மூச்சு இல்லை. நாடி இல்லை.

பள்ளிக்கூடத்தில் எப்போதோ பழகிய முதலுதவி... சரியா பிழையா என்று யோசிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் நெஞ்சை அமத்தினேன். நான் களைத்தபோது, எஞ்சின் எடுக்க வந்திருந்த ஒருவர் மாறி அமத்தினார். அம்புலன்ஸ்காரர் வந்து மெஷினால் கரண்ட் கொடுத்த பிறகுதான் நாடி திரும்பியது.

பிறகு கொழும்பில் வைத்து, இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து இதயத்துக்கு ஒரு வயர். இதயம் திரும்பவும் தாறுமாறாகத் துடித்தால், பெட்டியே உள்ளுக்குள் கரண்ட் அடித்து அதைச் சரிப்படுத்தும்.

மூன்று மாதத்தில் கடைக்கு வந்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, "என்ரை விலா எலும்பை முறிச்சது இவதான்" என்பார். உண்மைதான். இரண்டு முறிந்தது.

வெல்டிங் கூடாது, ஓடுகிற எஞ்சினுக்குக் கிட்டக் குனியக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் இரண்டு முழம் தள்ளி மர வாங்கில் குந்தியிருந்து சத்தத்தை மட்டும் கேட்பார். ஸ்க்ரூட்ரைவர் என் கையில்.

"கொஞ்சம் இறுக்கும்... காணும், காணும். இனி ஒரு சொட்டு தளர்த்தும்."

எஞ்சின் சீராகிவிடும். எனக்கு கார்பரேட்டர் டியூன் பண்ணத் தெரியும் என்றால் என் வீட்டில் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

பெட்டி ஒரே ஒருமுறைதான் அடித்தது. வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே துள்ளினார். கோப்பை சுவரில் போய் உடைந்தது.

"மாடு நெஞ்சுக்குள்ளை நிண்டு உதைச்ச மாதிரி இருந்தது தங்கச்சி," என்றார். முகம் வெளுத்திருந்தது.

அன்றைக்கு அது உதைத்திருக்காவிட்டால் ஆளே இல்லை என்று சோதித்துப் பார்த்த டொக்டர் சொன்னார். உயிர் தப்பியது... ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. தனியே குளிக்கமாட்டார். சைக்கிளைத் தொடமாட்டார். அடுத்த உதை எப்போது என்று எந்நேரமும் காத்திருந்தார்.

இந்த வருடம் இதயமே களைத்துப்போனது. கால் வீங்கி, மூச்சு முட்டி, கட்டிலோடு கிடந்தார். இனி ஆஸ்பத்திரி வோர்ட்டில் படுக்கமாட்டேன், வீட்டிலேயே இருக்கிறேன் என்றுவிட்டார்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் பார்க்கப் போனேன். மனைவி புஷ்பம் அக்கா அடுப்படிக்குப் போகும்வரை பார்த்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குச் சாகப் பயமில்லை தங்கச்சி. ஆனா நான் சாகிற நேரம் உது விடாமல் அடிச்சுக்கொண்டு இருந்தால்?"

இத்தனை வருடமும் யாரும் அதைப் பற்றி அவருடன் கதைத்ததே இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு மூன்று பேருமாக வான் பிடித்துப் போனோம். அவர் தயங்க, நான் கேட்டேன்.

"அடிக்கிறதை நிப்பாட்டலாம்," என்றார் அந்த லேடி டொக்டர். "வெட்டத் தேவையில்லை, நோகாது. இதை நாங்களே முதல் கதைச்சிருக்க வேணும்."

புஷ்பம் அக்கா எழும்பிவிட்டார். "அது நாங்களே இவரைக் கொல்லுற மாதிரி இல்லையோ டொக்டர்?"

"இல்லை அம்மா. நிப்பாட்டினாலும் இதயம் தன்ரை பாட்டுக்குத் துடிக்கும். கடைசி நேரம் வரேக்கை இது அவரை உதைக்காது. அவ்வளவுதான்."

அக்கா அண்ணையைப் பார்த்தார். "உங்களுக்கு என்னப்பா விருப்பம்?"

"நிப்பாட்டுவம் புஷ்பம். நான் பயந்து பயந்தே களைச்சுப் போனன்."

அக்கா அழுதுகொண்டே தலையாட்டினார்.

பெட்டிக்கு மேலே, சட்டைக்கு வெளியால், வட்டமாக ஒரு சாமானை வைத்துக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்கள். பத்து நிமிடமும் ஆகவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார் அண்ணை, நம்பாமல்.

"முடிஞ்சுது ஐயா."

திரும்பி வரும்போது வானில் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தார். "அடிச்சால் இவளுக்கும் பாயும் எண்டு இவ்வளவு காலமும் தள்ளிப் படுத்தனான்," என்றார். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று டொக்டர்மார் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள்... அவர் நம்பினால்தானே!

அதற்குப் பிறகு மூன்று கிழமை இருந்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் முகத்தில் ஒரு தெளிவு. மூச்சு வாங்க வாங்க, கடைக் கதை எல்லாம் கேட்பார்.

இன்று அக்காதான் போன் பண்ணினார்.

"பாணைப் பாலிலை நனைச்சுக் குடுத்தனான், ரெண்டு வாய் சாப்பிட்டவர். பிறகு நித்திரை. நான் பக்கத்திலைதான் படுத்திருந்தனான்... ஒரு துள்ளலும் இல்லையடி. மூச்சு மெல்ல மெல்லக் குறைஞ்சு, நிண்டிட்டுது."

அதைக் கேட்ட பிறகுதான் நான் அழுதேன்.

நாளை கடை பூட்டு. தெரிந்தவர்கள் காலை பத்து மணிக்கு முன் வீட்டுக்கு வாருங்கள்.

ஆறுதலாய்ப் படுங்கோ, அண்ணை.