நீலக் குழாயின் உச்சியில் செலின் அத்தை

வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் இரும்புத் தகட்டின் மேல் ஈரக் காலை வைத்தால் முதல் நொடி சுடாது. காலிலிருக்கும் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் சூடு உள்ளங்காலைப் பிடிக்கும். அதற்குள் அடுத்த படிக்குத் தாவிவிட வேண்டும் என்பது அன்று காலையிலேயே எங்களுக்குப் பழகிவிட்டது. ப்ளீச்சிங் பவுடர் வாடை தலைமுடியில் ஏறியிருக்க, நைலான் உடை உடம்போடு ஒட்டியிருக்க, மூன்று மாடி உயர இரும்புப் படிக்கட்டில் நாங்கள் தாவித் தாவித்தான் ஏறினோம். தாவ முடியாத ஒருத்தியையும் அந்தப் படிகளில் நான் அழைத்துக்கொண்டு போனேன். அவள் செலின் அத்தை, என் அப்பாவின் அக்கா.

எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய வீடுகளில் அத்தையை "தாந்த்" என்று கூப்பிடுவார்கள். நாங்கள் மில் குடும்பம். எங்களுக்கு அத்தை அத்தைதான். கல்யாணமாகி இரண்டாம் வருடமே மாமா இறந்துபோனதால் எங்களோடு வந்து தங்கியவள், பிறகு எங்கேயும் போகவில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை அவளுக்கு. காலையில் நின்றால் மாலை வரை நிற்க வேண்டும். நின்று நின்றே முட்டி இரண்டும் போய்விட்டன, வலது முட்டி கொஞ்சம் அதிகமாக. நாங்கள் வாடகைக்கு இருந்ததோ மாடி வீடு. ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறிவிடுவாள். இறங்குவதுதான் பெரும்பாடு. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவாள். அதற்கு அவளே வைத்த பெயர் "நண்டு நடை". வீட்டில் நாங்கள் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். வெளியாட்கள் முன்னால் மட்டும் எனக்கு அது பிடிக்காது.

எனக்குப் பதினோரு வயதான கோடையில், எங்கள் மாதா கோவிலின் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளை, நகரத்துக்கு வெளியே கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு வாட்டர் பார்க்குக்குக் கூட்டிப்போவதாக சிஸ்டர் அறிவித்தார். ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்பது நிபந்தனை. அம்மாவுக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துச் சோப்புக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. மில் மூடிய பிறகு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அன்று வெளியூர் சவாரி. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் முரண்டு பிடித்தேன். மூன்றாம் நாள், அத்தைதான் தட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "சாப்புடு. நான் வரேன்" என்று சொன்னாள். வாரத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அது.

பார்க்கில் இறங்கியதும் அவள் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். கத்திரிப்பூ நிறத்தில் மெல்லிய பருத்திப் புடவை, மடியில் எங்கள் துண்டுகள், பக்கத்தில் செருப்புகள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நடுவில் ஒரு கோபுரம் இருந்தது. அதன் உச்சியிலிருந்து முழுக்க மூடிய ஒரு நீலக் குழாய் வளைந்து வளைந்து இறங்கிக் குளத்தில் முடியும். பிள்ளைகள் அதற்கு "பாம்பு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் மேலே போகலாம். என் சிநேகிதி ரெஜினாவுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவள் மூன்று தடவை போய்வந்து, வந்த ஒவ்வொரு தடவையும் எப்படி இருந்தது என்று என்னிடம் சொன்னாள். அவளுடைய அம்மாவிடம் கேட்டேன். ஒரு தடவை ஏறி இறங்கியதிலேயே தலை சுற்றுகிறது என்று கைவிரித்துவிட்டார். அப்புறம் வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"அத்த, மேல வரைக்கும் வந்தா போதும். நான் சறுக்கிட்டுப் போயிடுவேன். நீ மெதுவா எறங்கி வந்துடு."

அவள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். "கைப்புடி இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. செருப்புப் போடக் கூடாது என்று கீழே எழுதியிருந்ததால் வெறுங்காலோடு ஏறினாள். நான் நாலு படி ஓடி நின்று, அவள் வந்து சேரும் வரை காத்திருந்து, மறுபடி நாலு படி ஓடினேன். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். பாதி ஏறியபோதுதான் கீழே மூன்று பள்ளிக்கூட பஸ்கள் வந்து நிற்பதைப் பார்த்தேன். நாங்கள் உச்சியை அடைவதற்குள் படிக்கட்டு முழுவதும், இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் அடைத்து நின்றார்கள். ஏறியவர்கள் எல்லோரும் குழாய் வழியாகவே இறங்கிவிடுவதால், படியில் யாரும் திரும்பி வரும் வழக்கமே அங்கே இல்லை.

மேலே தகரக் கூரை போட்ட சின்ன மேடை. தலையில் துண்டு கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விசிலோடு நின்று ஒவ்வொருவராகக் குழாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே படிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கால் வைக்க இடமில்லை.

"நான் எறங்கணும்ங்க" என்றாள் அவரிடம்.

"இப்ப எப்டிக்கா எறங்குவீங்க? கூட்டத்தப் பாருங்க. கொழாயில போவலாம்னா பொடவையோட விட மாட்டாங்க. கொஞ்சம் நில்லுங்க, கொறையட்டும்."

கூட்டம் குறைகிற மாதிரி தெரியவில்லை. அவர் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, சூடு தணியத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அத்தை கூடையின் மேல் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள்.

"நீ போய்ட்டு நேரா சிஸ்டர்கிட்ட சொல்லு. கீழ ரெண்டு நிமிசம் ஆளுங்கள நிறுத்தச் சொல்லு. யாராச்சும் ஒருத்தர் மேல வந்தா போதும், நான் எறங்கிடுவேன். சொல்லுவ இல்ல?"

"சொல்றேன்த்த" என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை, சொல்லும்போது சொல்வதாகத்தான் இருந்தேன்.

குழாய்க்குள் இருட்டு. என் எடை போதவில்லையோ என்னவோ, ஒரு வளைவில் நின்றுவிட்டேன். முன்னும் பின்னும் நீல இருட்டு, முதுகுக்குப் பின்னால் தேங்கிக்கொண்டே வரும் தண்ணீர், எங்கேயோ தூரத்தில் விசில். கையால் தள்ளினால் குழாய் வழுக்கியது, பிடிக்க எதுவுமில்லை. "அத்த" என்று கத்தினேன். சத்தம் எனக்கே திரும்பி வந்தது. பின்னால் வந்த யாரோ மோதித் தள்ள, இருவருமாகக் குளத்தில் போய் விழுந்தோம். தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் நான் அழுதுகொண்டிருந்தேன். ரெஜினா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேவ் பூல்ல அலை உட்றாங்க, வாடி."

சிஸ்டர் முப்பது அடி தள்ளித்தான் நின்றிருந்தார். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. விசில் ஊதி வரிசையை நிறுத்துவார்கள். அவ்வளவு பள்ளிப் பிள்ளைகளும் கீழே இறங்கி ஒதுங்கி நிற்பார்கள். எங்கள் கோவில் ஆட்கள் முழுவதும் அண்ணாந்து பார்க்க, அத்தை கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நண்டு நடையில் இறங்குவாள். ரெஜினா என் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பாள். அலை முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அலை முடிந்த பிறகு சொல்வது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னால் இன்னும் கேட்பார்கள். கழிந்துகொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும் என் வாயை இறுக்கிக்கொண்டே போனது. கூட்டம் குறைந்து அவளே இறங்கி வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கே நின்று பார்த்தாலும் தகரக் கூரைக்கு அடியில் கத்திரிப்பூ நிறம் தெரிந்தது. முதுகைக் காட்டி நின்றாலும் தெரிவது போலவே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் உட்கார வைத்துத் தக்காளிசாதப் பொட்டலம் கொடுத்தார்கள். சிஸ்டர் என்னருகில் நின்றார்.

"அத்தை எங்க ஸ்டெல்லா?"

"பாத்ரூம் போயிருக்காங்க சிஸ்டர்."

இன்னொரு பொட்டலத்தையும் என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அதன் சூடு தொடையில் பட்டது. என் பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் கவளத்தைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் சாப்பாட்டு நேரத்துக்காகக் குழாயில் தண்ணீரை நிறுத்தினார்கள். படிக்கட்டு காலியானது. சட்டென்று வந்த அந்த அமைதியில் இரும்புப் படியில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். விசில்காரர் ஒரு படி கீழே, முகம் மேலே பார்க்கப் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே அத்தை. இரண்டு கையும் கம்பியில். ஒரு கால் இறங்கும், நிற்கும், மறுகால் வந்து சேரும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, சோறு ஆறிப்போயிருந்தது. நான் பயந்த அத்தனையும் நடந்தது, ஒன்றைத் தவிர. யாரும் சிரிக்கவில்லை. ரெஜினாவின் அம்மா சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கடைசிப் படியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இவ்ளோ நேரம் மேலயா இருந்தீங்க?" சிஸ்டர் பதறிப்போய்க் கேட்டார்.

விசில்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லி அனுப்பியிருக்கேன், ஆளு வரும், ஆளு வரும்னு ரெண்டு மணி நேரமா ஒக்காந்துகினு இருக்காங்கம்மா. யாருமே வரல."

"யாருகிட்ட சொல்லி அனுப்புனீங்க?"

அத்தை கூட்டத்தில் என்னைத் தேடவில்லை. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"யாருகிட்டயும் இல்ல சிஸ்டர். அவருக்குச் சரியா காதுல விழல. மேல காத்து நல்லா வந்துச்சு, ஒக்காந்துட்டேன்."

விசில்காரர் அவளைப் பார்த்தார், அவள் பார்த்த திசையில் என்னையும் பார்த்தார், பிறகு சாப்பிடப் போய்விட்டார். சிஸ்டரும் என்னைப் பார்த்தார். பாத்ரூம் என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அத்தை அப்படிச் சொல்லிவிட்ட பிறகு அவராலும் எதுவும் கேட்க முடியவில்லை. திட்டு வாங்கியிருந்தால் அழுதிருப்பேன், அழுது தீர்ந்திருக்கும். அந்தக் கதவையும் அத்தை சாத்திவிட்டாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அம்மா கேட்டபோது, "ஒம் பொண்ணு நல்லா ஆட்டம் போட்டா" என்றாள்.

அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைக் கோவில் சாமியாரிடம் சொன்னேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அத்தையிடம் சொல்ல முடியவில்லை. அவள் எப்போதும்போலத் தலை வாரிவிட்டாள், எப்போதும்போல வேலையிலிருந்து வரும்போது கைமுறுக்கு வாங்கி வந்தாள். ஒன்று மட்டும் மாறியது. அதற்கு முன்னால், கீழ்வீட்டில் இதைச் சொல்லிட்டு வா, கடைக்காரரிடம் அதைச் சொல்லிட்டு வா என்று நாளைக்குப் பத்து தடவை என்னைத்தான் அனுப்புவாள். அதற்குப் பிறகு என்னிடம் எந்தச் செய்தியும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா வரும் வரை காத்திருந்தாள். இல்லாவிட்டால் தானே கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போனாள். வேண்டுமென்றுதான் செய்தாளா, தன்னையறியாமல் வந்த பழக்கமா என்று எனக்குத் தெரியாது. அவள் இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். அந்த வீட்டில் இன்னும் ஏழு வருடம் இருந்தோம்.

இப்போது நாங்கள் இருப்பது அதே ஊரின் கதிர்காமம் பகுதியில், தரைத்தள வீடு. அத்தைக்கு வயது எழுபதைத் தொடப்போகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அவளைக் காரில் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனேன். பார்க் இருந்த இடத்தில் கோபுரம் இல்லை. குளங்களைத் தூர்த்து, மனை பிரித்து, வெள்ளைக் கற்கள் நட்டிருந்தார்கள். வேப்பமரங்களும் போய்விட்டன. அத்தை ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"இங்கதான இருந்துச்சு?"

காரை ஓரமாக நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சொல்லச் சொன்னது மறந்துபோகவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொல்லவில்லை என்றேன். பதினோரு வயதில் சொல்ல வேண்டிய வாக்கியம் முப்பது வயதில் வெளியே வந்தபோது மிகவும் சின்னதாக இருந்தது.

"தெரியும்" என்றாள் அத்தை. "மேலேர்ந்து பாத்தா எல்லாந்தான் தெரியுது. ரெண்டு தடவ நீ சிஸ்டருகிட்ட போன. கிட்ட வரைக்கும் போய்ட்டு ரெண்டு தடவயும் திரும்பிட்ட. மூணாவது தடவ போவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குற்றம் சொல்கிற முகமாகவும் இல்லை, மன்னிக்கிற முகமாகவும் இல்லை. பார்த்ததைச் சொல்கிற முகம். அப்படி இரண்டு தடவை நடந்துபோனதாக எனக்கு நினைவே இல்லை. இந்த ஒரு மாதமாக எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த இடமும் இனி இல்லை. அந்தப் பதினோரு வயதுப் பெண் இரண்டு தடவை முயன்று பார்த்தாள் என்பதற்கு, அன்று அவ்வளவு உயரத்தில் வெக்கையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் வார்த்தை மட்டும்தான் மிச்சம்.