பாலத்தில் நின்றுபோன பஸ்

கேம் மேல் தப்பே இல்லை. அன்றைக்கு வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அப்போது நாங்கள் பொம்மனஹள்ளியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அம்மா கார்மென்ட்ஸில் டெய்லர். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். சூடாகாமல் இருக்கட்டும் என்று பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார். யாரோ ஒரு புண்ணியவான் அதில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றை அழிக்காமல் விட்டிருந்தான்.

மலைப்பாதை, மழை, வளைவுக்கு மேல் வளைவு, கடைசியில் ஒரு நீளமான பாலம். பாலத்தைத் தாண்டினால் பெரிய ஊர். நான் ஓட்டப் பழகிப் பாலம் வரைக்கும் வந்துசேர்ந்தபோது பூஜை முடிந்திருந்தது. பாலத்தின் பாதியில் பஸ் அப்படியே உறைந்து நின்றது. திரை நீலமாகி, நாலு வரி இங்கிலீஷ் வந்து, எல்லாம் அணைந்தது. மறுபடி போனேன், மறுபடியும் அதே இடம்.

தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கேம் ஹாகித்ரெ ஹீகே ஆகோது மா. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்டுடறேன். இனிமே கேம் பேடா" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பேசி, கேம் போட்டால் இப்படித்தான் ஆகும், இனி கேமே வேண்டாம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே கேமைப் பென்டிரைவில் பதுக்கியிருந்தேன். கம்ப்யூட்டர் திரும்பி வந்ததும் மறுபடி ஏற்றினேன். பஸ் மறுபடியும் பாலத்தில் நின்றது.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஓசூரில் இருக்கும் அத்தை மகன் டிப்ளமோ சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

"படிக்கிற பையன் கைல இருந்தா உருப்படியா இருக்கும்."

"நானும்தாம்ப்பா படிக்கிறேன்."

"நீ பஸ் ஓட்டற."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது கெட்டதே வேறு காரணத்தால் என்று கத்தினேன். "சரி, ஞாயித்துக்கெழமைக்குள்ள நிக்காம ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார் அப்பா. என்னை வாயடைக்கத்தான் சொன்னார். நான் அதை அவர் செய்துகொடுத்த சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில், கேம் இல்லாமலும் அது சாகிறதா என்று பார்க்க நினைத்தேன். படம் வரைந்தேன், கட்டுரை அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகு உறவுக்காரர் கல்யாண போட்டோக்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்தேன். மாலை மாற்றுவதற்கு முன்னாலேயே திரை நீலமானது! குதித்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதையும் கெடுத்துட்டியா?" என்றார். இவரிடம் என்னத்தைச் சொல்ல!

அந்த நாலு வரியில் 'மெமரி' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் போனில் தேடினேன். விஷயம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் ஒரு மூலை ஒழுகும்; விருந்தாளி வந்து படுக்க இடம் போதாமல் போனால்தான் அது தெரியவரும். மெமரியும் அப்படித்தான். சின்ன வேலைக்குக் கொஞ்ச இடம் போதும். பாலத்தில் ஏறியதும் பெரிய ஊர் மொத்தத்தையும் கேம் உள்ளே கொண்டுவருகிறது. அப்போது ஒழுகுகிற மூலையில் போய்ப் படுக்கிறது. கேம் அங்கே குற்றவாளி அல்ல, சாட்சி.

சனிக்கிழமை சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே மெமரிப் பட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்றை உருவியெடுத்துப் பார்த்தேன். அதன் தங்கநிறப் பற்களில் வழிந்து காய்ந்த சந்தனம், மேலே ஒரு குங்குமப் பொட்டு!

வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த அம்மா அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பூஜையன்னிக்கு நாந்தாண்டி வச்சேன். வச்சுட்டு மூடியும் போட்டேன்."

"வெளியில வைக்கக் கூடாதாம்மா?"

"ஃபேக்டரில நாங்க மிஷின்ல ஊசிகிட்டதான் வைப்போம். வேலை நடக்கற எடத்துல வச்சாதானே சாமிக்குத் தெரியும்? இதுல எங்க வேலை நடக்குதுன்னு எனக்கென்ன தெரியும், பச்சையா இருந்ததுக்கெல்லாம் வச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அத்தை முன்னால சொல்லிடாத. மானம் போயிடும்."

என் மானம் தினம் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே, போனில் படித்திருந்தபடி பென்சில் ரப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்துப் பட்டையைத் திரும்பச் செருகினேன். மற்ற பொட்டுகளை அம்மா காய்ந்த துணியால் துடைத்தெடுத்தாள்.

மறுநாள் நான் கம்ப்யூட்டரைப் போடுவதற்குள் அத்தை வந்துவிட்டார். மகனும் கூடவே வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தான். நான் யாரையும் பார்க்காமல் பஸ்ஸைக் கிளப்பினேன். மலை இறங்கினேன். பாலத்தில் ஏறினேன். பாதி வந்தது. பஸ் ஒரு நொடி திணறியது, பிறகு ஓடியது. அந்தப் பக்கம் கட்டடங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

"கேம் ஓடிட்டா ஆச்சா?" என்றார் அத்தை. "யார் என்ன பண்ணி அது கெட்டுதுன்னு யாருக்குத் தெரியும். பொண்ணு கைல இருந்தா மறுபடியும் கெடும். எடுத்து வண்டில வை அண்ணா."

அப்பா ஒயரைக் கழற்றக் குனிந்தார். பேச்சு தவறுகிறீர்களே என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"கெடுத்தது நான். உள்ள சந்தனம் பூசினது நான். கண்டுபிடிச்சுச் சரி பண்ணது அவ."

"என்ன அண்ணி, கம்ப்யூட்டருக்குள்ள போய் யாராவது சந்தனம்..." அத்தை சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிச்சுக்கோ. எனக்குத் தெரியலை, வச்சேன். அவளுக்குத் தெரியுது. அதனால இது இங்கதான் இருக்கும்."

"அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு."

"குடுத்தவரு என்னைக் கேட்டுக் குடுக்கலை. ஒயரை விடுங்க."

அப்பா ஒயரை விட்டார். அத்தைக்கு அம்மா பதில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். மகன் மட்டும் இட்லியை முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தது நான்தான், என் ரப்பர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாலத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு? போய்க் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா, இன்னொரு ஊரு."

"பரவால்ல, ஓட்டு."

ஓட்டினேன். கடைகள், விளக்குகள், ஒரு ஏரி. "இங்க எறங்க முடியுமா?" என்று கேட்டாள். முடியாது, பஸ்ஸிலிருந்து பார்க்கத்தான் முடியும் என்றேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் மெதுவா போ" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த ஸ்டாப்புக்கு நேரமாகிறது என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.